இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை: உட்கொள்வோர் அறிய வேண்டியவை

உறைதல் என்றால் என்ன என்பதைப் பால்மரத் தோட்டத்தில் உழைப்பவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. விடியற்காலையில் வெட்டிய பட்டையிலிருந்து வழிந்து மங்கில் சேரும் பால் நீர்போல் ஓடுகிறது. அதை எடுக்காமல் விட்டுவிட்டால் மறுநாள் அதே மங்கில் கட்டிப்பாலாகக் கிடக்கிறது. ஸ்டோரில் பார்மிக் அமிலத்தைக் கலந்தால் தொட்டியிலேயே திரண்டுவிடுகிறது. ஸ்டோருக்கு வந்து சேருமுன் பால் கட்டிவிடக் கூடாது என்று எண்ணினால், அம்மோனியாவைச் சிறிதளவு முன்கூட்டியே விடுவதுண்டு. அது குறைந்தால் பால் கட்டிப்போகும். கூடினால் பின்னர் அதைத் திரளச் செய்ய அமிலம் அதிகமாகச் செலவாகும். ஆகவே எல்லாம் அளவைப் பொறுத்தது.

மனித இரத்தத்தின் செய்தியும் ஏறக்குறைய இதுவேயாகும். உளி பட்டு விரல் அறுபட்டால் சிறிது நேரம் இரத்தம் வழிந்து, பிறகு தானாக நின்றுவிடுகிறது. காயத்தின் வாயில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதே அதற்குக் காரணம். இந்த ஆற்றல் இல்லாவிடில் ஒரு சிறு காயமே உயிருக்கு உலையாகிவிடும். ஆனால் உறையக் கூடாத இடத்தில் இரத்தம் உறைந்தால் அதுவும் ஆபத்தே. காலின் ஆழத்தில் உள்ள நாளத்தில் உறைந்த கட்டி ஒன்று பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் மூச்சு நின்றுவிடலாம். இதயத்தின் அறைக்குள் உறைந்த கட்டி மூளைக்குப் போய்ச் சேர்ந்தால் பக்கவாதம் உண்டாகிறது. நேற்றுவரை ஏணி வைத்து மரம் வெட்டியவர் இன்று வாய் கோணி, கை விழுந்து படுக்கையில் கிடப்பதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம்.

இத்தகைய ஆபத்து உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் கொடுக்கும் மாத்திரைதான் வார்ஃபரின். இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியவர்கள், காலிலோ நுரையீரலிலோ கட்டி ஏற்பட்டவர்கள், இதயத்தின் வால்வு பழுதுபட்டு அதற்குப் பதிலாக உலோக வால்வு பொருத்தப்பட்டவர்கள் ஆகியோர் இதனைப் பெறுகின்றனர். வால்வு பழுதுபடுவது முதுமையினால் மட்டும் அன்று. சிறுவயதில் வந்த தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் கண்டு, அது தானாகத் தணிந்துவிட்டது என்று விட்டுவிடப்பட்ட பிள்ளைகளுக்கு, இருபது முப்பது ஆண்டுகள் கழித்து வால்வுக் கோளாறு தலைகாட்டுவதுண்டு.

நாம் இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்ததற்கு ஓர் அம்மையார் காரணம். ஒரு ரப்பர்த் தோட்டத்தின் கோயில் மண்டபத்தில் சுகாதாரக் கூட்டம் முடிந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் நம்மிடம் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், பால்வெட்டுத் தொழிலாளி, ஆறு ஆண்டுகளுக்கு முன் உலோக வால்வு பொருத்திக்கொண்டவர். முந்தானை முடிச்சிலிருந்து மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துக் காட்டி, “ஐயா, எலிக்கு வைக்கிற மருந்தைத்தான் எனக்கும் குடுக்குறாங்களாமே, நெசமா?” என்று கேட்டார். பக்கத்து லயத்தில் உள்ள ஒருவரின் மருமகன் செம்பனைத் தோட்டத்தில் எலி மருந்து வைக்கும் வேலை பார்ப்பவராம். அந்தப் பெட்டியில் இருந்த பெயரும் இந்த அட்டையில் உள்ள பெயரும் ஒன்றே என்று அவர் கண்டுபிடித்துச் சொன்னாராம். “எத்தனை நாளாக மாத்திரை சாப்பிடவில்லை, அம்மா?” என்று நாம் கேட்டோம். ஒன்பது நாள்கள் என்றார்.

அவருடைய கேள்விக்கு அந்த இடத்திலேயே சரியான விடை சொல்ல நம்மால் முடியவில்லை. தோட்டத்து டிரசர் மட்டும் ஒன்பது நாள் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மாறி, வண்டியை எடுத்துவரச் சொன்னார். அன்று பிற்பகலே அம்மையாரை மருத்துவமனையில் சேர்த்தோம். அதன்பின் மருந்தாளுநர்களிடமும் மருத்துவர்களிடமும் கேட்டும், படித்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் எலியின் கதையை முடித்துவிடுவோம். அந்த மருமகன் பொய் சொல்லவில்லை. வார்ஃபரின் எலி மருந்தாகப் பயன்பட்டது உண்மை; நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களிலும் பயன்பட்டது. அதன் வரலாறு மாட்டுக் கொட்டிலில் தொடங்குகிறது. 1920ஆம் ஆண்டுகளில் கனடாவிலும் அமெரிக்காவின் வட பகுதியிலும் மாடுகள் சிறு காயத்திற்கும் இரத்தம் நில்லாமல் செத்துக்கொண்டிருந்தன. இனிப்புக் குளோவர் என்னும் தீவனப் புல் ஈரத்தில் பூசணம் பிடித்துப் போனபின் அதைத் தின்ற மாடுகளுக்கே அந்நோய் வந்தது எனக் கால்நடை மருத்துவர்கள் கண்டனர். 1933ஆம் ஆண்டு குளிர்காலத்தில் விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி ஒருவர், செத்த மாட்டையும் உறையாத இரத்தம் நிரம்பிய பால் கேனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடத்தின் வாசலில் வந்து நின்றார். அங்கே கார்ல் பால் லிங்க் என்னும் வேதியியலாளரும் அவருடைய உதவியாளர்களும் ஆண்டுக்கணக்கில் உழைத்து, இரத்தத்தை உறையவிடாத அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் வழியில் பின்னர் உருவாக்கப்பட்டதே வார்ஃபரின். 1948இல் அது எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954இல் மனிதருக்குரிய மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அடுத்த ஆண்டு மாரடைப்புக் கண்ட அந்நாட்டு அதிபர் ஐசன்ஹோவருக்கே அது கொடுக்கப்பட்டது.

அப்படியானால் எலியைக் கொல்வது மனிதனைக் காப்பது எப்படி? ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்குக் கணக்குப் போடாமல் இருக்க இயலாது. ஆகவே ஒரு சிறு கணக்கு. எலிக்கு வைக்கும் இரையில் ஒரு கிலோவுக்குக் கால் கிராம் வார்ஃபரின் இருப்பதாகக் கொள்வோம். எலி ஒன்று 10 கிராம் இரையைத் தின்றால் அதன் உடலில் 2.5 மில்லிகிராம் சேருகிறது. எலியின் எடை 200 கிராம். மனிதரின் எடை 60 கிலோ. அதாவது முந்நூறு எலிகளின் எடை. எலி தின்ற அளவுக்கு ஈடாக மனிதர் உட்கொள்ள வேண்டுமானால் 750 மில்லிகிராம், அதாவது 5 மில்லிகிராம் மாத்திரைகள் 150, ஒரே நாளில் விழுங்க வேண்டும். அப்படியும் ஒரு நாளில் எலி சாவதில்லை. தொடர்ந்து பல நாள்கள் தின்ற பிறகே சாகிறது. உப்பு இல்லாமல் சோறு இறங்காது. ஒரு படி உப்பைத் தின்றவன் பிழைக்க மாட்டான். அதற்காக யாரும் உப்பை நஞ்சு என்று ஒதுக்குவதில்லை அல்லவா?

எனினும், எலி இரை வைக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இன்று பயன்படும் இரைகள் பலவற்றில் இருப்பவை வார்ஃபரினைவிடப் பன்மடங்கு வலிமை வாய்ந்தவை. ஏற்கெனவே இந்த மாத்திரையை உட்கொள்பவர் அந்த வேலையைச் செய்யாமல் வேறு வேலை கேட்டுப் பெறுவதே நல்லது.

இந்த மாத்திரையை ‘இரத்தத்தை நீராக்கும் மருந்து’ என்று பலர் கூறுகின்றனர். இரத்தம் நீர்த்துப்போய் உடல் வெளுத்துவிடும் என்று அஞ்சி மாத்திரையை ஒதுக்குபவர்களும் உண்டு. இரத்தம் நீர்த்துப்போவதே இல்லை. அதன் சிவப்பும் சத்தும் முன்போலவே இருக்கின்றன. உறைய எடுத்துக்கொள்ளும் நேரம் மட்டும் கூடுகிறது. நமது கல்லீரல், கீரை முதலிய உணவிலிருந்து கிடைக்கும் கே வைட்டமினைக் கொண்டு, இரத்தம் உறைவதற்குத் தேவையான சில பொருள்களைச் செய்கிறது. வார்ஃபரின் அந்த வேலையைத் தாமதப்படுத்துகிறது. முன்பே செய்துவைத்த பொருள்கள் இரத்தத்தில் தீர வேண்டியிருப்பதால், மாத்திரையின் முழுப் பயன் தெரிய நான்கைந்து நாள்கள் ஆகின்றன. இன்று கூடுதலாக விழுங்கியதன் விளைவு இன்றே தெரியாது. இரண்டு மூன்று நாள்கள் கழித்தே தெரியும். “ஒன்றும் ஆகவில்லையே” என்று இன்னொன்றும் விழுங்குபவர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்.

அளவு சரியாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்தோ, உடம்பில் உணர்ந்தோ அறிய முடியாது. இரத்தத்தைச் சோதித்தே அறிய வேண்டும். அந்தச் சோதனைக்கு ஐ.என்.ஆர். என்று பெயர். 1983இல் உலகச் சுகாதார நிறுவனம் இதனை ஏற்றுக்கொண்ட பிறகு, எந்த நாட்டில் சோதித்தாலும் கணக்கு ஒன்றாகவே இருக்கிறது. மாத்திரை உட்கொள்ளாதவருக்கு இந்த எண் ஏறத்தாழ 1 ஆக இருக்கும். மாத்திரை உட்கொள்ளும் பெரும்பாலோருக்கு 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். உலோக வால்வு உள்ளவர்கள் சிலருக்கு, வால்வு பொருத்தப்பட்ட இடத்தைப் பொறுத்து, 2.5க்கும் 3.5க்கும் இடையில் வைத்துக்கொள்வர். எண் 2க்குக் கீழே இறங்கினால் கட்டி உண்டாகும் ஆபத்து. 4ஐயும் 5ஐயும் தாண்டினால் இரத்தம் கசியும் ஆபத்து. தமக்குரிய எண் எது என்பதைப் பிறந்த தேதியைப்போல் ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகள் பலவற்றில் மருந்தாளுநர்கள் நடத்தும் வார்ஃபரின் கிளினிக்குகள் இருக்கின்றன. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சில நிமிடங்களில் எண்ணைச் சொல்லிவிடும் கருவி பல இடங்களில் உண்டு. தொடக்கத்தில் வாரத்துக்கு ஒருமுறையும், எண் நிலைபெற்றபின் மாதத்துக்கு ஒருமுறையும், சிலருக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் சோதனை நடைபெறும். அந்த ஒரு நாளுக்காக ஒரு நாள் கூலியை இழப்பதும், பேருந்து இல்லாத தோட்டத்திலிருந்து வண்டி பிடித்துப் போவதும் எத்துணைச் சுமை என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். ஆயினும் ஒருமுறை தவறவிட்டால், அடுத்த முறை வரையில் எண் எங்கே போகிறது என்பதை யாரும் அறிய மாட்டார்கள். கிளினிக்குக்குச் சென்றதற்கான சீட்டை மறவாமல் வாங்கிக் கிராணியிடம் கொடுத்துவிட்டால் வீண் பேச்சுக்கு இடமிராது. ஒரே மருத்துவமனைக்குச் செல்பவர் இருவர் மூவர் ஒரு தோட்டத்தில் இருந்தால், ஒரே தேதியைக் கேட்டு வாங்கி, ஒரு வண்டியில் போய்வரலாம். இப்படிச் செய்பவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

இனி மாத்திரைக்கு வருவோம். பலருக்கு நாள்தோறும் ஒரே அளவு எழுதப்படுவதில்லை. வாரத்தில் ஐந்து நாள்களுக்கு 3 மில்லிகிராம், சனி ஞாயிறுகளில் 4 மில்லிகிராம் என்று எழுதியிருக்கலாம். வாரத்துக்கு மொத்தம் 23 மில்லிகிராம். மருத்துவர் கணக்கிடுவது இந்த வார மொத்தத்தையே. ஆகவே “ஒரு மில்லிகிராம்தானே, அதனால் என்ன?” என்று எண்ணுவது தவறு. மாத்திரைகள் அளவுக்கேற்ப வெவ்வேறு நிறத்தில் வருகின்றன. 1 மில்லிகிராம் பழுப்பாகவும், 3 மில்லிகிராம் நீலமாகவும், 5 மில்லிகிராம் இளஞ்சிவப்பாகவும் இருப்பதைப் பலர் கண்டிருக்கலாம். நிறத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. தயாரிப்பவர் மாறினால் நிறமும் மாறக்கூடும். அட்டையில் அச்சிட்ட எண்ணைப் பார்த்தே எடுக்க வேண்டும். எழுத்துத் தெரியாத பெரியவர் வீட்டில் இருந்தால், பள்ளி செல்லும் பேரனோ பேத்தியோ நாள்காட்டியில் ஒவ்வொரு தேதியின் கீழும் அன்றைய அளவை எழுதிவைக்கலாம். விழுங்கியதும் பெரியவர் ஒரு கோடு கிழித்துவிட்டால் போதும். மறதியால் இருமுறை விழுங்கும் தவறு இதனால் நீங்கும்.

மாத்திரையை மாலை ஆறு மணி அளவில் உட்கொள்ளுமாறு கிளினிக்கில் கூறுவர். இதற்குக் காரணம் உண்டு. காலையில் சோதித்த இரத்தத்தின் எண்ணைப் பார்த்து, அன்று மாலை அளவையே மாற்றிக்கொள்ளலாம். விடியுமுன் எழுந்து காட்டுக்குப் போகிறவர்களுக்கும் மாலை நேரமே ஏற்றது. மாலையில் மறந்துவிட்டு அன்றிரவே நினைவு வந்தால் உட்கொள்ளலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் போனதை விட்டுவிட வேண்டும். நேற்றையதையும் இன்றையதையும் சேர்த்து ஒருபோதும் விழுங்கலாகாது. மறந்த நாளைப் புத்தகத்தில் குறித்துவைத்து, கிளினிக்கில் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். திட்டுவார்கள் என்று எண்ணி மறைத்துவிட்டால், எண் இறங்கியதற்கு மாத்திரை போதவில்லை என்று கருதி அளவைக் கூட்டிவிடுவார்கள். பிறகு ஒழுங்காக உட்கொள்ளும்போது எண் எகிறிவிடும்.

“கீரையே தொடக் கூடாதாமே?” என்பது நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி. அப்படி யாரும் சொல்லவில்லை. முருங்கைக் கீரை, பசலை, கங்கோங், சாவி, மரவள்ளிக் கொழுந்து ஆகியவற்றில் கே வைட்டமின் மிகுதியாக உண்டு. அது மாத்திரைக்கு எதிராக வேலை செய்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அளவாகக் கீரை உண்ணும் வழக்கம் இருந்தால், அந்த வழக்கத்துக்கு ஏற்ப மருந்தின் அளவு அமைக்கப்படும். பல வாரங்கள் கீரையே இல்லாமல் இருந்துவிட்டுத் திடீரென ஒரு வாரம் முழுவதும் முருங்கைக் கீரையாகவே உண்டால் எண் இறங்கிவிடும். உண்டுவந்த கீரையை ஒரேயடியாக நிறுத்தினால் எண் ஏறிவிடும். ஒரே சீராக உண்ணுதலே இங்குள்ள விதி.

இந்த விதி தைப்பூசக் காலத்தில்தான் பெரும்பாலும் உடைகிறது. மாதக்கணக்கில் மீனும் கோழியும் உண்டவர், விரதம் தொடங்கியதும் வேளைதோறும் கீரையும் காய்கறியுமாக மாறிவிடுகிறார். புரட்டாசியிலும் அப்படியே. விரதம் இருக்க வேண்டாம் என்று நாம் கூறவில்லை. தொடங்குவதற்கு முன் கிளினிக்கில் தெரிவித்தால், இடையில் ஒருமுறை இரத்தத்தைச் சோதித்து அளவைச் சரிசெய்து தருவார்கள். ஆனால் அலகு குத்திக்கொள்வது வேறு. வார்ஃபரின் உட்கொள்பவர் உடலில் வேலும் கொக்கியும் குத்துவது ஆகாது. அதற்காகவே மாத்திரையைச் சில நாள்கள் நிறுத்திவிட்டுக் காவடி எடுப்பது அதனினும் ஆபத்தானது. பால்குடம் எடுத்து வேண்டுதலை நிறைவேற்றுவோர் எத்தனையோ பேர். முருகன் அதை ஏற்றுக்கொள்ளாமல் போவதில்லை.

மாத்திரைக்குக் கீரையைவிடப் பெரிய பகை மற்ற மருந்துகளே. வாளி தூக்கித் தோள் வலிக்கிறது, இடுப்பு வலிக்கிறது என்று கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவது நம் தோட்டங்களில் நெடுநாளைய பழக்கம். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்லோஃபினாக், மெஃபினாமிக் அமிலம் ஆகிய வலி மருந்துகள் வயிற்றின் உட்சுவரைப் புண்ணாக்கக் கூடியவை. அவற்றோடு வார்ஃபரினும் சேர்ந்தால் அந்தப் புண்ணிலிருந்து இரத்தம் நில்லாமல் கசியும். மருத்துவரே ஆராய்ந்து எழுதிக்கொடுத்தால் அன்றி இவற்றைத் தொடலாகாது. வலிக்கும் காய்ச்சலுக்கும் பாரசிட்டமால் ஏற்றது. அதையும் தொடர்ந்து பல நாள்கள் முழு அளவில் விழுங்க நேர்ந்தால் கிளினிக்கில் சொல்லிவிட வேண்டும். மேலே தேய்க்கும் தைலம் ஒன்றும் செய்யாது என்று எண்ணுவதும் சரியன்று. மூக்கைத் துளைக்கும் வாசனையுள்ள பல தைலங்களில் ஆஸ்பிரினின் உறவான மெத்தில் சாலிசிலேட் கலந்திருக்கிறது. உடல் முழுவதும் நாள்தோறும் தேய்த்தால் அது தோல் வழியே உள்ளே சென்று எண்ணை உயர்த்துவதை மருத்துவர்கள் கண்டிருக்கின்றனர். சுளுக்கு எடுப்பதாகச் சொல்லி அழுத்தி உருவுவதும் வேண்டாம். தசைக்குள்ளே இரத்தம் கட்டிவிடும்.

கிருமியை அழிக்கும் மருந்துகள் பல எண்ணை ஏற்றிவிடுகின்றன. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் போன்ற சில இறக்கிவிடுகின்றன. எனவே எந்த டாக்டரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், முதல் பேச்சே “நான் வார்ஃபரின் சாப்பிடுகிறேன்” என்பதாக இருக்க வேண்டும். தசையில் ஊசி போடுவதையும் முடிந்தவரை தவிர்ப்பார்கள். பல் பிடுங்குவதற்கென்று மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. ஜாமு, மஜூன், சீனக் கடையில் விற்கும் தாங் குவெய், ஜின்செங் ஆகியவை ‘வேர்தானே, இலைதானே’ என்று தோன்றலாம். வார்ஃபரினும் பூசணம் பிடித்த புல்லிலிருந்து வந்ததுதான் என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மதுவைப் பற்றி நீண்ட உபதேசம் செய்யும் எண்ணம் நமக்கில்லை. சம்பள நாளில் அளவின்றிக் குடித்தால் அன்று எண் ஏறுகிறது. தள்ளாடி விழுந்து தலையில் அடிபட்டால் அதுவே முடிவாகிவிடலாம்.

காய்ச்சல் கண்டு இரண்டு மூன்று நாள்கள் உணவு இறங்காமல் போனாலும், வயிற்றுப்போக்கு ஏற்பட்டாலும் எண் தானாக ஏறிவிடும். டெங்கிக் காய்ச்சலில் இரத்தம் உறையும் ஆற்றல் இயல்பாகவே குறைகிறது. அதன்மேல் வார்ஃபரினும் சேர்ந்தால் ஆபத்து இருமடங்காகும். மாத்திரை உட்கொள்பவருக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

உளி பட்ட காயத்தைச் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால், உறையத் தொடங்கியதும் பிய்ந்துபோகும். மழைக்காலத்தில் அட்டைக் கடிக்கும் இதே முறைதான். அட்டையின் எச்சிலிலேயே இரத்தத்தை உறையவிடாத பொருள் ஒன்று இருக்கிறது. 1884இல் ஜான் ஹேக்ராஃப்ட் என்பவர் அதைக் கண்டறிந்தார். நல்ல உடம்பினருக்கே அட்டை விட்ட இடத்தில் நெடுநேரம் இரத்தம் வழியும்போது, மாத்திரை உட்கொள்பவருக்குக் கேட்க வேண்டியதில்லை. நீண்ட காலுறையும் சப்பாத்தும் அணிந்து காட்டுக்குப் போவது அவருக்கு அவசியம். மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குள்ளேதானே போகிறோம் என்று தலைக்கவசத்தை விட்டுச் செல்வதும் கூடாது.

பதினைந்து நிமிடம் அழுத்தியும் நில்லாத இரத்தம், தார்போல் கறுத்த மலம், சிவந்த அல்லது பழுப்பு நிறச் சிறுநீர், காப்பித்தூள் போன்ற வாந்தி, அடிபடாமலே தோன்றும் பெரிய கன்றல்கள், வழக்கத்துக்கு மாறாக மிகும் மாதவிடாய், இதுவரை கண்டிராத கடுந்தலைவலி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தலையில் அடிபட்டால் வெளியே காயம் இல்லாவிட்டாலும் செல்ல வேண்டும். மூளைக்குள் கசியும் இரத்தம் சில மணி நேரம் கழித்தே தன்னைக் காட்டும். வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் சோர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். 999க்கு அழைக்க வேண்டும்.

இளவயதுப் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கருவுற்ற தொடக்க மாதங்களில் வார்ஃபரின் கருவிலுள்ள குழந்தைக்கு ஊனம் விளைவிக்கக்கூடும். குழந்தை வேண்டும் என்று எண்ணுவோர் கருவுறும் முன்பே மருத்துவரிடம் கூற வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போனால் அன்றே தெரிவிக்க வேண்டும். பயந்து தாமாக மாத்திரையை நிறுத்திவிட்டால் தாயின் உயிருக்கே கேடு. தாய்ப்பால் கொடுப்பதற்கு இந்த மாத்திரை தடையன்று.

இரத்தச் சோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகள் வந்துவிட்டனவே என்று கேட்பவர்களும் உண்டு. உண்மைதான். டாபிகாட்ரான், ரிவரோக்ஸபான், அபிக்ஸபான் ஆகியவை பலருக்குப் பயன்படுகின்றன. ஆனால் உலோக வால்வு உள்ளவர்களுக்கு அவை உதவா. டாபிகாட்ரானை அவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், கட்டிகளும் இரத்தக் கசிவும் வார்ஃபரின் உட்கொண்டவர்களைவிட அதிகமாக இருந்ததாக 2013இல் வெளியான முடிவு கூறிற்று. சிறுவயதுக் காய்ச்சலால் வால்வு கெட்டு, துடிப்பும் ஒழுங்கு தவறியவர்களுக்கும் பழைய மாத்திரையைச் சேர்ந்த மருந்துகளே மேல் என்று 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே அண்டை வீட்டாருக்குப் புதிய மாத்திரை கிடைத்ததைக் கண்டு, நமக்கு மட்டும் பழையதைக் கொடுத்து ஏமாற்றுகிறார்கள் என்று எண்ண வேண்டியதில்லை.

அந்த அம்மையாருக்கு என்ன ஆயிற்று? மருத்துவமனையில் சோதித்தபோது அவருடைய எண் 1.2 ஆக இருந்தது. உலோக வால்வு மூடித் திறக்கும்போது கடிகாரம்போல் ‘டிக் டிக்’ என்று ஓசை எழும்; இரவின் அமைதியில் பக்கத்தில் படுத்திருப்பவருக்கே அது கேட்பதுண்டு. அந்த ஓசை மங்கினால் வால்வில் கட்டி பிடிக்கிறது என்று பொருளாகலாம். மூச்சுத்திணறலும் சேர்ந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. மருத்துவர் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். ஓசை தெளிவாகவே இருந்தது. எண் பழைய நிலைக்கு ஏறும்வரை ஒரு வாரம் போல் வேறு ஊசி மருந்து கொடுத்துப் படுக்கையில் வைத்திருந்து அனுப்பினர். இரண்டு மாதங்கள் கழித்து அதே தோட்டத்துக்கு நாம் சென்றபோது, எலிக் கணக்கை அவரிடம் சொன்னோம். நூற்றைம்பது மாத்திரை என்றதும் சிரித்துவிட்டார். பிறகு, “இதை அந்த ஆளுகிட்டயும் வந்து சொல்லுங்க, ஐயா” என்று நம்மைப் பக்கத்து லயத்துக்கு அழைத்துச் சென்றார்.

கிழக்குக் கரை மாநிலங்களில் வாழும் வாசகர்களுக்கு மட்டும் இன்னும் ஒரு செய்தி. வடகிழக்குப் பருவமழையில் பாதைகள் மூழ்கிவிட்டால் மருத்துவமனைக்குப் போக இயலாது. நவம்பர் மாதம் பிறக்குமுன், கையில் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் மாத்திரை இருக்கிறதா என்று பார்த்து, புத்தகத்தையும் மாத்திரையையும் நீர் புகாத பையில் ஒன்றாகக் கட்டி, அடையாளக் கார்டு இருக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள்.